குதிரைக்கு வைத்த பொட்டு

மகள் அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக் குசினி, சனிக்கிழமை காலை, தொட்டி நிறையச் செதில். அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தோடம்பழச் சாற்றை எடுத்தபடி, பஸ் பிந்திவிட்டது என்று சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

“அம்மா, நான் ராணிப் போட்டிக்குப் பேர் குடுத்திட்டன்.”

“என்ன ராணி?”

“ரோடியோ ராணி.”

எனக்கு அதில் ராணி மட்டுந்தான் காதில் ஏறியது. ராணிப் போட்டி என்றால் என் மனதில் இருந்தது ஒரே படந்தான்: நீச்சலுடை, உயரச் செருப்பு, முன்வரிசையில் பல்லை இளித்துக்கொண்டு இருக்கிற கிழடுகள். எனக்குக் கோபம் வர அதிக நேரம் எடுக்காது. வந்தால் அடுத்த வீட்டுக்காரருக்கும் தெரிந்துவிடும்.

“இஞ்சாருங்கோ! உங்கடை மகள் என்ன சொல்லுறாள் எண்டு வந்து கேளுங்கோ!”

கணவர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து என்னையும் பார்த்தார், என் கையையும் பார்த்தார். “நீர் முதல் கத்தியைக் கீழை வையும்” என்றார்.

மகள் தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பாய்ந்து போகும் குதிரையில் கொடியைப் பிடித்தபடி ஒரு பெண். பெரிய தொப்பி, மினுமினுக்கிற முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை சப்பாத்து. கழுத்திலிருந்து கால்விரல்வரை ஓரிடமும் வெளியே தெரியவில்லை. எங்கள் கலியாண வீடுகளுக்கு வருகிற சில ரவிக்கைகளுக்கு அது எவ்வளவோ மேல். என் கோபத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போனது.

ரோடியோ என்பது மாடு பிடிப்பதும் முரட்டுக் குதிரை அடக்குவதுமாக நடக்கிற திருவிழா. மொன்றியலிலிருந்து இரண்டு மணித்தியாலம் காரில் போனால் வருகிற ஒரு சின்ன ஊரில், ஒவ்வொரு கோடையின் முடிவிலும் நடக்கும். ராணியாகத் தெரிவாகிறவள்தான் கொடியோடு குதிரையில் வந்து அதைத் தொடக்கிவைப்பாள். மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, கணவரோடு வேலை செய்த ஒருவர் கூப்பிட்டார் என்று நாங்களும் போனோம். அந்த வருடத்து ராணி எங்களுக்கு முன்னால் குதிரையை விரட்டிக்கொண்டு போக, மகளின் புதுச் சட்டையெல்லாம் சேறு. நான் துள்ளினேன். அவள் வாயைப் பிளந்தபடி நின்றாள். அடுத்த மாதமே நடன வகுப்பை விட்டுவிட்டுக் குதிரை லாயம் என்று தொடங்கியவள்தான்.

“படிப்பை முடி, பேந்து குதிரை” என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தது நான். அவளும் படித்தாள், முடித்தாள், லொங்குய்யில் ஒரு அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். அப்போது வயது இருபத்துநாலு. இருபத்துநாலுக்கு மேல் அந்தப் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். முதலும் கடைசியுமாக அவளுக்கு இருந்த சந்தர்ப்பம் அதுதான். பத்து வயதில் சேறு பட்ட பிள்ளைக்கு அந்த ராணி முடி எவ்வளவு வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நானும் சம்மதித்தேன்.

போட்டியில் குதிரை ஓட்டம் மட்டுமல்ல, ஒரு பேச்சும் உண்டு. அந்த ராணிப் போட்டியின் வரலாற்றை ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, தாளைப் பார்க்காமல் பிரெஞ்சில் சொல்லவேண்டும். மகள் அதைக் குசினியில்தான் பாடமாக்கினாள். நான் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், இங்கே எல்லோரும் கார்டெரி என்று சொல்வார்களே, அங்கே வேலை செய்கிறேன். என் பிரெஞ்சு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் படித்தது என்றாலும் கேட்டால் விளங்கும். பருப்புக் கடைந்துகொண்டே அந்த ஊரின் வரலாறு முழுவதையும் நானும் பாடமாக்கிவிட்டேன்.

முதல் ராணிக்குக் குதிரை ஏறவே தெரியாதாம். இறைச்சிக் கடைக்காரரின் மகள். அந்தக் காலத்தில் யார் அதிகம் நுழைவுச்சீட்டு விற்கிறாளோ அவள்தான் ராணி. மாட்டுவண்டியில் இருந்து கையசைத்தாளாம், அவ்வளவுதான். பிறகு ஒரு வருடம், படம் எடுப்பதற்காக ராணியைத் தூக்கிக் குதிரையில் வைத்திருக்கிறார்கள். பாண்ட் வாத்தியம் முழங்கியதும் குதிரை மிரண்டு, தேவாலயத்தைத் தாண்டி, அவளோடேயே ஊருக்குள் ஓடிவிட்டது. கடைசியில் அவளுடைய வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் முடி சூட்டினார்கள். அன்றிலிருந்து ராணிக்குக் குதிரை ஓட்டத் தெரிந்திருக்கவேண்டும் என்று விதி வந்தது. இன்னொருத்தியின் தொப்பி, முடியோடு சேர்ந்து பறந்துபோய், மாடு மிதித்து முடியின் ஒரு முனை வளைந்துவிட்டது. இன்றைக்கும் அது வளைந்தபடிதான் இருக்கிறதாம். அன்றிலிருந்து தொப்பி விழுந்தால் புள்ளி குறையும். பிறகு போட்டிக்கு ஒருவருமே வராத வருடங்கள். கடைசி ராணி அந்த முடியைத் தன் குசினி அலுமாரியில் கேக் தட்டுகளுக்கு நடுவே வைத்துப் பாதுகாத்திருக்கிறாள். பழைய ராணிகள் எல்லோரும் சேர்ந்து போட்டியைத் திரும்பத் தொடங்கினார்கள். அதனால் இன்றைக்கும் விதிகளை மாற்றுகிற உரிமை அவர்களுக்குத்தான்.

“என்னடி இது, விழுந்தவை, ஓடினவை, தொப்பி பறந்தவை! ஒழுங்கா வெண்ட ஒருத்தியின்ரை கதையும் இல்லையோ?” என்று கேட்டேன்.

“ஒழுங்கா வெண்ட ஆக்களுக்கு மண்டபத்திலை படம் தொங்குது அம்மா. கதை இவையளுக்குத்தான்.”

போட்டி நாள் விடிய வெளிக்கிட்டோம். புரோசார்ட்டிலிருந்து என் தங்கை குடும்பமும் இன்னொரு காரில் வந்தது. மீன் ரோல்ஸ், கடலை வடை, தேத்தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கட்டிக்கொண்டு போனது பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கொடுக்கத்தான். மகள் லாயத்திலிருந்து வாடகைக்கு எடுத்துப் பழகிய வெள்ளைப் பெண்குதிரை எங்களுக்கு முன்னமே வந்து கட்டப்பட்டிருந்தது. விடியற்காலையிலிருந்து அதைக் கழுவி, வாரி, வாலுக்குப் பின்னல்கூடப் போட்டிருந்தாள். என் தலையை ஒரு நாளாவது அப்படி வாரிவிட்டிருப்பாளா?

மகளின் தொப்பியை நான்தான் குத்தினேன். நடன அரங்கேற்றத்துக்கு என்று ஒரு காலத்தில் வாங்கிவைத்த தலைமுடிக் கிளிப்புகள் ஒரு பெட்டி நிறைய வீணாகக் கிடந்தன. அத்தனையையும் குத்தினேன். “அம்மா, மூளைக்கை இறங்குது” என்று கத்தினாள். “புயல் வந்தாலும் தொப்பி நிக்கும், பேசாமல் இரு” என்றேன். அவளுடைய காதுக்குப் பின்னால் ஒரு கறுத்தப் பொட்டும் வைத்தேன். கண்ணூறு படக்கூடாது. அதை அவள் தடுக்கவில்லை, சிறுவயதிலிருந்தே பழகியதுதான்.

பிறகு அவள் சட்டை மாற்றப் போய்விட்டாள். கணவர் தேத்தண்ணீர் எடுக்கக் காருக்குப் போனார். நானும் குதிரையும் மட்டும். சொல்லிவிடுகிறேன், எனக்குக் குதிரை என்றால் பயத்தில் உயிர் போய்விடும். பதினான்கு வருடம் அவளை லாயத்துக்கு ஏற்றி இறக்கியவள், ஒரு நாளும் கார்க் கதவுக்கு அப்பால் போனதில்லை. அன்றைக்கும் பத்தடி தள்ளித்தான் நின்றேன். ஆனால் போகிற வருகிற சனம் எல்லாம் நின்று, “என்ன அழகு! என்ன வெள்ளை!” என்று சொல்லிக்கொண்டு போகிறது. ஒருத்தி கையை நெஞ்சில் வைத்துப் பெருமூச்சே விட்டாள். எத்தனை கண், எத்தனை நாவூறு! என் பிள்ளை ஏறி ஓடப்போகிற குதிரை.

கைப்பையிலிருந்து மைச்சிமிழை எடுத்தேன். முருகா, முருகா என்றபடி ஒவ்வொரு அடியாகக் கிட்டப் போனேன். அது மூக்கால் சூடாக ஊதியது. நான் பின்னுக்கு வந்தேன், திரும்பவும் போனேன். மூன்றாந்தரம் அது தானாகவே தலையைக் குனிந்தது. கன்னத்தில், காதுக்குக் கீழே, குழந்தைப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி வட்டமாக ஒரு பொட்டு வைத்துவிட்டு ஓடிவந்தேன். கணவர் தேத்தண்ணீரோடு வந்தபோது நான் பழையபடி பத்தடி தள்ளி நின்றேன். எனக்கோ ஆனையை அடக்கிய பெருமை.

ஓட்டத்துக்கு முன்னால் குதிரையின் சுத்தத்தைப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு நடுவர், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குதிரையாகத் தடவிக்கொண்டு வந்தார். எங்கள் குதிரையின் கன்னத்தைத் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். கையுறையில் கறுப்பு.

“ஐயோ!” என்று நான் போட்ட சத்தத்தில் முன்னால் இருந்தவரின் கோப்பி சிந்தியது.

நடுவர் மகளிடம் ஏதோ கேட்டார். தன் சட்டைப்பையிலிருந்து முகம் துடைக்கிற லேஞ்சி ஒன்றை எடுத்து நீட்டினார். மகள் குதிரையின் கன்னத்தைப் பார்த்தாள், பிறகு நாங்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். லேஞ்சியை வாங்காமல் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதினார். ஒலிவாங்கி தூரத்தில் இருந்ததால் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் கதிரையோடு ஒட்டிப்போய் இருந்தேன்.

பிறகு அவள் ஓடினாளே ஒரு ஓட்டம்! கொடி படபடக்க, மண் பறக்க, வளைவில் குதிரை சரிந்து நிமிர, தங்கையின் மகன் எழுந்து விசிலடித்தான். மற்றவர்களில் ஒருத்தியின் தொப்பி பறந்தது. என் பிள்ளையின் தொப்பி அசையவில்லை. பேச்சிலும் ஓரிடமும் தடக்கவில்லை. ராணி, ராணி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாமிடம். முடி, செம்பட்டைத் தலைமயிர்க்காரி ஒருத்திக்குப் போனது. மகளுக்கு ‘முதல் இளவரசி’ என்று எழுதிய, தோளில் போடுகிற பட்டி கிடைத்தது. அவள் சிரித்துக்கொண்டே கைதட்டினாள். திரும்பி வரும்போது காரில் பின்சீற்றில் இருந்து நாலு ரோல்ஸ் சாப்பிட்டாள். நான் முன்னுக்கு இருந்தபடி கேட்டேன்.

“பொட்டாலையோ பிள்ளை?”

“இல்லை அம்மா. உண்ணியோ எண்டு கேட்டவர், இல்லை எண்டன், அவ்வளவுதான். மற்றப் பிள்ளை நல்லா ஓடினவ.”

நான் நம்பினேன். நம்பத்தானே எனக்கும் விருப்பம்.

போன கோடையில் திரும்பவும் போனோம். முந்திய வருடத்து இளவரசிகளும் மேடையில் இருக்கவேண்டுமாம். மகள் பட்டியைப் போட்டுக்கொண்டு பழைய ராணிகளின் வரிசையில் ஓரமாக இருந்தாள். போட்டிக்கு வந்த முதல் பிள்ளை ஒலிவாங்கியைப் பிடித்தாள். இறைச்சிக் கடைக்காரரின் மகள், மிரண்ட குதிரை, வளைந்த முடி, கேக் தட்டு. நான் கூடவே வாயசைத்துக்கொண்டு இருந்தேன். கேக் தட்டோடு முடியும் என்று கைதட்டத் தயாரானால், அவள் முடிக்கவில்லை.

“சென்ற வருடம் ஒரு வெள்ளைக் குதிரை கன்னத்தில் கறுப்புப் பொட்டோடு வந்தது” என்றாள். “துடைத்துவிடு, புள்ளி குறைக்கமாட்டேன் என்று நடுவர் லேஞ்சி கொடுத்தார். அந்தப் பெண் வாங்கவில்லை. ‘என் அம்மாவுக்குக் குதிரை என்றால் பயம். இவ்வளவு கிட்ட வந்து இதை வைத்திருக்கிறார். நான் துடைக்கமாட்டேன்’ என்றாள். அந்த ஒரு புள்ளியால்தான் அவள் முடியை இழந்தாள். குளிர்காலத்தில் பழைய ராணிகள் கூடி விதியை மாற்றினார்கள். தாய் வைக்கிற பொட்டுக்குப் புள்ளி குறையாது.”

சனம் கைதட்டியது. எனக்குக் கை எழும்பவில்லை. மேடையில் இருந்த மகள் என்னைப் பார்க்காமல் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் மெல்ல, “கதையிலை வந்திட்டாள்” என்றார். அவருடைய கண்ணும் நனைந்திருந்தது, தூசி என்று பிறகு சொன்னார்.

மேடையால் இறங்கியவளைப் பிடித்தேன். “விசரி! ஏனடி துடைக்கேல்லை? பத்து வயசிலையிருந்து கேட்ட முடி! எனக்கு ஒரு சொல்லுச் சொன்னியே?”

“சொன்னா நீங்கள் திரும்பக் குதிரைக்குக் கிட்டப் போகமாட்டியள் அம்மா.”

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்காத குறையாக அழுதேன். அழுதபடியே இரண்டு ஏச்சும் ஏசினேன். அப்போது எங்களுக்குப் பின்னால் யாரோ, “மதாம்?” என்றார்கள். அந்தப் பேச்சுப் பேசிய பிள்ளையும் அவளுடைய தாயும் நின்றார்கள். கையில் பிடித்திருந்த குதிரை நெற்றியிலிருந்து குளம்புவரை கன்னங்கறுப்பு. தாய்க்காரி வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள், தானும் ஒரு பொட்டு வைக்க விரும்புகிறாளாம், ஆனால் கறுப்புக் குதிரைக்கு என்ன செய்வது?

நான் மூக்கைத் துடைத்துவிட்டுக் கைப்பைக்குள் துழாவினேன். அடியில் கடதாசியில் மடித்த திருநீற்றுச் சரை ஒன்று கிடந்தது. அதை விரித்து, தாய்க்காரியின் விரலைப் பிடித்து அதில் தோய்த்துவிட்டேன். குதிரை தலையை ஆட்டியதும் அவள் எனக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஓகோ, இவளுக்கும் பயந்தான். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு குதிரைக்குக் கிட்டப் போனோம்.

“ஆடாமல் நில் பிள்ளை” என்று நான் அதற்குத் தமிழிலேயே சொன்னேன்.