மணி அடித்தபோது எழும்பிய கை

கொச்சிக்கடையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் ஸ்டோர்ஸுக்குப் போன வருஷம் ஒரு இயந்திரக் கை வந்திறங்கியது. பாரமான பெட்டிகளைத் தூக்கத்தான். அதை இயக்க இரண்டு வழி: பழைய மாதிரி ஜோய்ஸ்டிக், அல்லது சென்சர் பூட்டிய கையுறை. கையுறையைப் போட்டுக்கொண்டு நான் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும், திருப்பினால் திரும்பும். எது நல்லது என்று ஒரு கிழமை இயக்கிப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. எனக்குக் கையுறைதான் பிடித்தது. இந்தக் காலத்தில் யார் குச்சியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பார்கள்!

பெட்டிகளுக்குப் பட்டி கட்டுபவர் மாளிகாவத்தையிலிருந்து வரும் முஸ்லிம் பெரியவர்; நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவருக்குக் கையுறை பிடிக்கவில்லை. "தங்கச்சி, குச்சிய விட்டா மெஷின் நிண்டிடும். இத எப்பிடி விடுற?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம். இயந்திரக் கை ஒரு பெட்டியைப் பிடித்தபடி நின்றது. அதன் இடப்பக்கம் நானா குனிந்து, விழுந்த பட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் விலகட்டும் என்று நான் கையுறையோடு அசையாமல் நின்றேன். திடீரென்று அது தானாக எழும்பியது. உயரத்தில் ஒரு கணம் நின்று, நெஞ்சளவுக்கு இறங்கி, இடப்பக்கம் வீசியது. பெட்டி நானாவின் தலையை உரசிக்கொண்டு போக, தொப்பி பறந்து விழுந்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போல வலப்பக்கம் திரும்பி நின்றது.

"நான் கை அசைக்கவே இல்ல! மெஷின் தானா எழும்பினது!" என்று கத்தினேன்.

தரையில் விழுந்திருந்த நானா அங்கிருந்தபடியே என்னைப் பார்த்தார். "கோயில் மணி அடிச்சது, தங்கச்சி. நீங்க சிலுவ போட்டீங்க."

இல்லவே இல்லை என்று சாதித்தேன். மணிச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. அறிக்கையிலும் மெஷின் பிழை என்றே எழுதினேன். பிறகு மேலதிகாரி கமரா பதிவைப் போட்டுக் காட்டினார். அதில் நான் நானாவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் வலது கை நெற்றிக்குப் போகிறது, நெஞ்சுக்கு, தோளுக்கு... உதடுகூட முணுமுணுக்கிறது. கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மத்தியானத்தில் தேவாலய மணி கேட்டால் சின்ன வயதிலிருந்தே போடும் சிலுவை அது. ஆனாலும் திரையில் நின்றவள் வேறு யாரோ போல இருந்தாள். அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அறிக்கையைக் கிழித்துவிட்டு, பிழை என்னுடையது என்று புதிதாக எழுதினேன். நானாவிடம் மன்னிப்புக் கேட்கப் போய் அழுதுவிட்டேன். "உசிரு இருக்கு தானே, போங்க" என்று தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

இப்போது ஜோய்ஸ்டிக்தான். மத்தியானமானால் நானா, "தங்கச்சி, மணி!" என்று சத்தம் போடுவார். நான் குச்சியை விட்டுவிட்டு, தெரிந்தே சிலுவை போடுவேன். ஆனால் சில நாள் அவர் வாய் திறக்க முன்பே கை நெற்றிக்குப் போயிருக்கும். அன்று கடவுளைக் கும்பிட்டபடியே ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்த கை இதுதானே என்று, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.