கருவாட்டுச் சோதனை

புயல் வந்து எங்கள் தெருத் தென்னைகளையெல்லாம் படுக்கவைத்ததே, அதற்கு மறுவருஷம் மகளுக்கு நிக்காஹ் முடித்தோம். அதற்கும் மறுவருஷம்தான் கொரோனா. அந்தப் புயலில் என் கருவாட்டுக் கொட்டகைத் தகரம் பறந்துபோய்ப் பள்ளிவாசல் பக்கம் விழுந்தது. எடுக்கப் போனால், தகரத்துக்கு முந்தியே நாற்றம் வந்துவிட்டது என்றார்கள். அது கிடக்கட்டும்.

மகள் நிறைமாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை சவுதியில் மாட்டிக்கொண்டார், விமானம் ஓடவில்லை. வாசம் தெரியாமல் போனால் கொரோனா வந்துவிட்டது என்று அர்த்தமாம், யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து காபி, சோப்பு, தலையணை என்று எல்லாவற்றையும் மோந்து பார்த்தாள். காபியைக் குடிக்கமாட்டாள், மோந்ததோடு சரி. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி உருகுகிறாளே என்று எனக்குப் பதறியது.

நான் காலமெல்லாம் கருவாடு விற்றவன். ஜெகதாப்பட்டினத்தில் சரக்கெடுத்து அன்னவாசல் வரை பஸ்ஸில் கொண்டுபோவேன். எந்தக் கண்டக்டரும் என்னைக் கடைசி சீட்டைத் தாண்டி உட்காரவிட்டதில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியமும் கருவாடுதான். நெத்திலிக் கருவாட்டை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

"காலையில இத ஒரு தடவ மோந்துக்கம்மா. இது தெரிஞ்சா நீ நல்லாருக்கேன்னு அர்த்தம்."

கொஞ்சநாள் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் டப்பாவைத் திறந்தவள் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"அத்தா, ஒண்ணுமே தெரியல. எனக்கு வந்துருச்சு."

நானும் மோந்தேன். ஆனால் என் மூக்கு செத்துப் பல வருஷமாகிறது, சாட்சிக்கு ஆகாது. மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அதுல என்னத்த மோக்குறது? நாந்தான் நேத்து சுடுதண்ணியில அலசி அலசிக் காயவச்சேன்."

"எதுக்குடி அலசுன?"

"வருசம் பூரா ஒங்க மேல அடிக்கிறது பத்தாதா? டப்பாவுல வேற வேணுமா?"

மகள் நம்பவில்லை. "அம்மா என்னையத் தேத்துறதுக்குப் பொய் சொல்லுது."

நான் கொட்டகைக்குப் போய்ச் சாளைக் கருவாட்டு மூட்டையையே தூக்கிவந்து அவள் முன்னால் அவிழ்த்தேன். கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். எடுத்துக்கொண்டே சிரித்தாள்.

"தெரியுது அத்தா. கொடலப் பெரட்டுது."

மகள் வாந்தியெடுத்ததற்குச் சந்தோஷப்பட்டவர்கள் எங்கள் ஊரில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். ஆனால் அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. என்ன பயம் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நோயின்னு இல்லத்தா. வந்துட்டாத் தனி வார்டாம். அவரும் இங்க இல்ல. அம்மாவையும் உள்ள விடமாட்டாங்களாம். ஒத்தையில நான் எப்புடிப் பெத்துக்கிறது?"

மகளை மாதாமாதம் வந்து பார்க்கும் நர்சம்மாவுக்கு மனைவி உடனே போன் போட்டாள்.

"தொணைக்கு ஒரு ஆளு இருக்கலாம்மா," என்றார் நர்சம்மா. "ஆனா சாப்புடாம தூங்காம இருக்குறத ஏன் சொல்லல? அதுக்கும் பாக்கணும். நாளைக்குக் கூட்டியாங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளிடம் வெகுநேரம் பேசினார். பிறகும் போனில் விசாரித்துக்கொண்டே இருந்தார். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது, சோறும் இறங்கியது. பிரசவத்தன்று மனைவியைத் துணைக்கு விட்டார்கள். என்னை மட்டும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அது நோய்க்குப் பயந்து இல்லை என்று மனைவி இன்றும் சொல்கிறாள். பேரன் பிறந்தான்.

இதைக் கேட்டவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வீட்டில் மாசமாக இருக்கும் பெண்ணிடம் சாப்பிட்டாயா என்பதோடு விடாமல், என்னம்மா பயம் என்றும் கேட்கச் சொல்லுங்கள். பதில் வரும்வரை பக்கத்தில் உட்காரவும் சொல்லுங்கள்.