ஓரம் உடைந்த முத்திரை

ஹில்க்கா புல்க்கினென் பத்தொன்பது வயதில் ராணுவ ஆயுதக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உள்ளே பார்த்ததையும் செய்ததையும் வெளியே பேசக் கூடாது என்று அதில் இருந்தது. நாற்பத்தைந்து வருடம் அவள் பேசவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலகப் போரிலிருந்து திரும்பிய துப்பாக்கிகள் அப்போதும் கிடங்கில் குவிந்து கிடந்தன. பெண்கள் பழைய மசகைத் துடைத்து அடுக்கினார்கள். ஹில்க்காவுக்குக் கிடைத்தது முத்திரை மேசை. குழலின் மேல், சின்னச் சதுரக் கட்டத்துக்குள் ராணுவத்தின் இரண்டெழுத்து விழ வேண்டும். எஃகு முத்திரை அச்சை வைத்துச் சுத்தியலால் அடிப்பதுதான் வேலை. அவள் இடது கைக்காரி. பெண்பிள்ளைக்கு இந்த மேசை எதற்கு என்று மேஸ்திரி வாரம் ஒருமுறையாவது முணுமுணுப்பான்.

மறுவருடம் மரம் ஏற்றும் லாரி ஓட்டுநர் என்சியோவைக் கட்டிக்கொண்டு வேலையை விட்டாள். பிறகு முப்பது வருடம் பால் பண்ணையில் வேலை, இரண்டு பெண்கள், உருளைக்கிழங்குத் தோட்டம். மனைவி கிடங்கில் கம்பளி மடித்துக்கொண்டிருந்தாள் என்றே என்சியோ நினைத்திருந்தான்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், இலையுதிர் காலம். என்சியோவோடு கடமான் வேட்டைக்குப் போகும் டௌனோ இறந்துபோனார். அவருடைய மனைவி அவர் வேட்டைக்கு வைத்திருந்த பழைய போர்க்காலத் துப்பாக்கியை என்சியோவிடமே கொடுத்துவிட்டாள். துடைக்கும்போது அவன் முத்திரையைக் கவனித்தான். கட்டத்தின் வலது கோடு இல்லை. இரண்டாவது எழுத்தின் ஒரு காலும் பாதியோடு நின்றது. படம் எடுத்து ஆர்வோ கெட்டுனென் என்பவருக்கு அனுப்பினான். ஆர்வோ ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். துப்பாக்கி சேகரிப்போர் சங்கத்தின் இதழில் முத்திரைகளைப் பற்றி எழுதுகிறவர்.

மூன்றாம் நாளே இரண்டு மணிநேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சமையலறை மேசையில் துப்பாக்கியைக் கிடத்தி, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"இது ஆறாவது! நாடு பூரா தேடி அஞ்சுதான் கண்டுபிடிச்சிருந்தேன். போர்ல எதிரி எல்லைக்குள்ள புகுந்து வேவு பாத்தாங்களே, அந்த ஆளுங்களுக்குக் குடுத்தது. எல்லையத் தாண்டுறவங்கன்னு அடையாளத்துக்குக் கட்டத்துல ஒரு பக்கத்த வேணும்னே தெறந்து விட்டிருக்காங்க. இதப்பத்தி ரெண்டு கட்டுரை எழுதியிருக்கேன்."

"டௌனோவா? அவன் போர்ல சமையக்காரன்ல?" என்றான் என்சியோ.

"துப்பாக்கி எத்தனையோ கை மாறும்."

காபிக் கெண்டியோடு வந்த ஹில்க்கா எட்டிப் பார்த்தாள். கெண்டியைக் கீழே வைத்தாள்.

"அது தெறந்து விட்டதில்ல. உடைஞ்சது."

"எது உடைஞ்சது?" என்றார் ஆர்வோ.

"முத்திரை. என் கையிலேர்ந்து சிமென்ட் தரையில விழுந்துச்சு. அம்பத்தாறு, அக்டோபர் மாசம்."

என்சியோ சிரித்தான். "காபிய ஊத்து, ஹில்க்கா. நீ அங்க கம்பளிதானே மடிச்சிட்டிருந்த?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா நெனச்சேன்."

"நானும் அப்படியே விட்டுட்டேன்."

மேஸ்திரிக்குத் தெரிந்தால் அன்றைக்கே மேசையைப் பிடுங்கிக்கொள்வான் என்று பயந்து, உடைந்ததை வைத்தே பதினோரு நாள் அடித்திருக்கிறாள். பிறகு, தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதிது வாங்கிக்கொண்டாள். சொன்னதெல்லாம் அவ்வளவுதான்.

ஆர்வோ மரியாதையாகத்தான் பேசினார். "வருஷம் எவ்வளவோ ஆச்சும்மா. ஞாபகம் சில நேரம் நம்மளையே ஏமாத்தும்."

"இருக்கட்டும். நான் இடது கையால அடிப்பேன். நான் அடிச்சா வலப்பக்கம்தான் ஆழமா விழும், மத்தவங்க அடிச்சா இடப்பக்கம். அந்த அஞ்சோட படமும் இருக்கா?"

இருந்தது. ஆர்வோ ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு அடியில் நகர்த்தினார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். கடைசியில் கண்ணாடியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அஞ்சுலயும் வலப்பக்கம்தான் ஆழம். அடிச்சது நீங்கதான். வேணும்னே தெறந்து விட்டிருந்தா எழுத்தோட கால் எதுக்குப் பாதியில நிக்கணும்?" ஏலக்காய் பன்னில் ஒரு வாய் கடித்தார். "மொத்தம் எத்தன அடிச்சிருப்பீங்க?"

"ஒரு நாளைக்கு நாப்பது. ஒரு நானூறு இருக்கும்."

வேவுப்படை பொய்யானதைவிட, அபூர்வம் என்று எண்ணியது நானூறாகிப் போனதுதான் அவரை அதிகம் வாட்டியது போலிருந்தது. ஆனாலும் பேனாவை எடுத்தார். "இத எழுதியாகணும். உங்க பேர் போடலாமா?"

ஹில்க்கா அந்தத் தாளை நினைத்துப் பார்த்தாள். எத்தனை வருடத்துக்குப் பேசக் கூடாது என்று அதில் போட்டிருந்ததா என்பது நினைவில்லை.

"போடுங்க. வந்து புடிச்சா புடிக்கட்டும்."

மாலையில் சவுனாக் குளியலறை சூடாகும்வரை என்சியோ படியில் உட்கார்ந்திருந்தான்.

"நாப்பத்திநாலு வருஷம் ஒண்ணா இருந்திருக்கோம். ஒரு வார்த்த சொல்லல."

"நீ கேக்கல."

"அதான் சொன்னேனே, கம்பளின்னு நெனச்சேன்."

"கம்பளியப் பத்தியும் நீ கேக்கல."

அவன் எழுந்து அடுப்பில் விறகு போடப் போனான். நாலைந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, முத்திரையை எந்தக் கையில் பிடிப்பாய் என்று கேட்டான். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் காட்டினாள்.

அடுத்த வருடம் இதழில் அரைப்பக்கம் வந்தது. அமெரிக்காவிலிருந்து, அதே முத்திரையுள்ள துப்பாக்கிகள் இரண்டு வைத்திருக்கும் ஒருவர், வயதானவர்களின் ஞாபகத்தை ஆதாரமாக ஏற்க முடியாது என்று எழுதினார். பதில் எழுதச் சொல்லி ஆர்வோ தொலைபேசியில் வற்புறுத்தினார்.

"எனக்குக் கெழங்கு தோண்டுற வேல கெடக்கு. அவர் நம்புறத நம்பிட்டுப் போகட்டும்," என்றாள் ஹில்க்கா.

பனி விழுமுன் ஆர்வோ இன்னொரு முறை வந்தார். இந்தத் தடவை ஒரு அட்டைப்பெட்டி நிறையப் படங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஹில்க்கா தெரியாது என்றே சொன்னாள். ஒரு படத்தில் எழுத்து இரட்டையாக விழுந்து, கட்டம் கோணலாக இருந்தது. அதை மட்டும் கையில் எடுத்தாள்.

"இது வியனோ அடிச்சது. கூட வேல பாத்தவ. நான் காய்ச்சல்ல படுத்த வாரம் அவள உக்கார வெச்சாங்க. சுத்தியல் புடிக்கவே வராது. ஆனா நல்லாப் பாடுவா."

பாடுவாள் என்பதையும் ஆர்வோ எழுதிக்கொண்டார்.