துபாஷி வீட்டுக்காரி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கோயில் கணக்குப்பிள்ளை எழுதுகிறார். நாலு வரிக்கு ஒருமுறை நிறுத்தி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு இதில் மனக்கசப்புதான். என்ன செய்வது, நான் துபாஷியோடு குடித்தனம் நடத்தியவள். இந்தப் பக்கம் சொன்னது ஒன்றும், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது இன்னொன்றுமாக இருந்ததை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். யாரையும் சும்மா நம்பும் வழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது.

என் வீட்டுக்காரர் பழவேற்காட்டுக் குப்பத்தில் வலைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒல்லாந்தர் கோட்டைக்கும் எங்கள் கரைக்கும் நடுவே நின்று பேசுவது அவருடைய உத்தியோகம். கோட்டைத் துரை வாயைத் திறக்கும் முன்பே அவன் என்ன கேட்கப்போகிறான் என்று இவருக்குத் தெரியும் என்பார்கள். புத்தி என்றால் அவர் புத்திதான் என்று ஊரே மெச்சியது. அந்தப் புத்தியை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஏரியோரம் இருக்கும் தோணிரேவு ஊர்க்காரி. என்னை வேறொரு வீட்டில் கேட்டிருந்தார்கள், பேச்சு முடிகிற நேரம். இவர் ஏதோ வலை விஷயமாக வந்தவர்போல வந்து உட்கார்ந்து, பெண்ணுக்கு வாய் நீளம் என்று அந்த வீட்டார் சொல்லித் திரிவதாக என் நைனாவின் காதில் போட்டுவிட்டுப் போனார். நைனாவுக்கு ரோஷம் வந்து சம்பந்தத்தை முறித்தார். அடுத்த மாதம் இவருடைய மாமா தாம்பூலத்தட்டோடு வந்தார். அந்த வீட்டார் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை என்பது, கல்யாணமாகி வருஷம் திரும்பிய பிறகு ஒரு திருவிழாக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்தது. வந்து கேட்டேன். சொல்லியிருக்க மாட்டார்களா என்ன, என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டாலும், எதற்குக் கேட்கிறார் என்று யோசித்துவிட்டுத்தான் மொண்டு கொடுத்தேன்.

முதலில் கோட்டைச் சமையல்கட்டுக்கு மீன் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார். மீனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமல், சமையல்காரனோடு வாயாடி அவர்கள் பாஷையைப் பிடித்துக்கொண்டார். கப்பல்கள் எங்கள் கரைக்கு வரமுடியாது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டைகளை அலை தாண்டிக் கொண்டுபோய் ஏற்றுவது எங்கள் ஆட்களின் சலங்குப் படகுகள்தான். ஒருமுறை மூட்டைகள் நனைந்துவிட்டன என்று இரண்டு சலங்குக்காரர்களைக் கோட்டைக்குள் அடைத்தார்கள். இவர் துரையிடம் போய், மற்ற மூட்டைகளைக் காப்பாற்ற அவர்கள் உயிரைக் கொடுக்க இருந்தார்கள் என்று கண்ணில் நீர் வரச் சொன்னாராம். ஆட்களிடம், வாயைத் திறக்காதீர்கள், நீங்கள் ஊமைபோல நின்றால் போதும் என்றாராம். வெளியே வந்தார்கள். துரையும் இவரைப் பாராட்டினான், ஊரும் பாராட்டியது. அதிலிருந்து ஏறுமுகம்தான். கோட்டைக்கு வெளியே நல்ல தண்ணீர்க் கிணறு வந்தது இவரால். உப்புப் படகுக்கு இரண்டு இடத்தில் கேட்ட சுங்கம் ஓரிடமானதும் இவரால்.

நல்லது செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நல்லதுக்கும் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். பஞ்சம் வந்த வருஷம் கப்பலில் துணியோடு அடிமைகளாக மனிதர்களையும் ஏற்றினார்கள். எங்கள் குப்பத்திலிருந்து ஒருவரும் ஏறவில்லை. இவர்தான் தடுத்தார் என்று பெண்கள் என் காலில் விழாத குறை. அப்படியானால் எந்த ஊரைக் கைகாட்டிவிட்டு வந்தீர்கள் என்று நான் கேட்டேன். அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

இனி இறால் பாடு விஷயத்துக்கு வருகிறேன். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஒரு ஓடை உண்டு. நீர் வடியும்போது ஏரி இறால் முழுதும் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகும். குறுக்கே கழி நட்டு வலை கட்டினால் குடும்பம் பிழைக்கும். எல்லாரும் கட்டினால் யாருக்கும் கிடையாது. அதனால் இன்று எங்கள் குப்பம், நாளை தோணிரேவு என்று முறை வைத்து, ஊருக்குள் யார் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இதற்குப் பெயர் பாடு. முறைக்காரன் தன் கழியில் பனையோலை கட்டி நட்டுவிட்டால் வேறொருவன் அந்தத் தண்ணீரில் கைவைக்க மாட்டான். சம்பளக்காரனுக்குப் பாடு கிடையாது என்பதும் சட்டம். என் வீட்டுக்காரர் கோட்டைச் சம்பளம் வாங்கிய அன்றே அவர் பெயர் சீட்டிலிருந்து போயிற்று.

பாடு முறையில் ஒழுங்கு உண்டே தவிர ஊர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. நீ என் நாளில் கழி நட்டாய், உன் கழி என் கழியை இடித்தது என்று எப்போதும் தகராறு. கோட்டைக்கு அது நன்றாகத் தெரியும். கூலி போதவில்லை என்று எங்கள் குப்பம் சலங்கை எடுக்க மறுத்தால் தோணிரேவு எடுக்கும். தோணிரேவு மறுத்தால் நாங்கள் எடுப்போம். இரண்டு ஊரும் இப்படித் தோற்றுக்கொண்டே இருந்தன.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் என் சமையலறையில் அடுப்போரம் ஒரு கட்டுக் கழி சாத்தியிருப்பதைப் பார்த்தேன். புது மூங்கில். நுனியில் ஓலை இல்லை. கோட்டைக் கிடங்குத் துணி, சிவப்பு, கிழித்துக் கட்டியிருந்தது. எங்கள் சனம் கழியில் துணி கட்டுவதில்லை. கோட்டையின் கழி ஓடையில் இறங்கப்போகிறது என்றால், பாடு இல்லை. பாடு இல்லையென்றால் என் அண்ணன் வீட்டு அடுப்பு இல்லை. என்ன கழி இது என்று அவரிடம் கேட்டேன். கோட்டைச் சமாசாரம், உனக்கு எதற்கு என்று தட்டிவிட்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நூல் விட்டுப் பார்த்தேன். வெளியூர்த் தரகர் ஒருவர் பெயர் வாயில் வந்தது, குத்தகை என்ற வார்த்தை வந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏரியோரமாகவே நடந்து தோணிரேவுக்குப் போனேன். அண்ணன் அப்போது ஊர்ப் பெரியவர்களில் ஒருவர். நான் கொதித்த கொதிப்பில் மூச்சு வாங்கியது. என் வீட்டுக்காரர் ஓடையைத் தரகருக்குப் பேசி முடித்துவிட்டார், இரண்டு ஊருக்கும் பட்டை நாமம் என்றேன். அண்ணன் நிதானக்காரர்.

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேண்ணா. என் அடுப்பாண்டயே சாத்திக் கீது. செவப்புத் துணி கட்டி."

கட்டினவன் பெண்சாதியே வந்து சொல்கிறாள், அதற்குமேல் என்ன வேண்டும்? யார் சொன்னது என்பதை மட்டும் அண்ணன் கடைசிவரை வெளியே விடவில்லை. என் வீட்டுக்காரர் என்னை அடிப்பார் என்று பயந்தார்போலும். அன்று மாலையே எங்கள் குப்பத்துக்கு ஆள் அனுப்பினார். முகத்துவார மணல்மேட்டில் இரண்டு ஊரும் ஒன்றாக உட்கார்ந்தன. என் நினைவு தெரிந்து அப்படி உட்கார்ந்ததே இல்லை. கங்கையம்மன்மேல் சத்தியம் செய்து, ஒரு சலங்கும் கப்பலுக்குப் போகாது, ஒரு மீனும் கோட்டைக்குப் போகாது என்று முடிவெடுத்தார்கள். சலங்குகளை ஏரிக்குள் ஆழமில்லாத சேற்றுப்பக்கம் இழுத்துப் போய் நிறுத்தினார்கள். சிப்பாய்கள் கரையில் நின்று கத்தினார்கள். கடலில் கப்பல் காத்துக்கொண்டு நின்றது. காற்று மாறுகிற சமயம், அதற்குமேல் அது நிற்கமுடியாது. கோட்டை இறங்கி வந்தது. ஓடைக் குத்தகை கிடையாது, பாடு பழையபடி நடக்கும் என்றது.

அதைக் கடற்கரையில் நின்று சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். சொல்லி முடிப்பதற்குள் யாரோ ஒரு கூடை மீன் குடலை அவர் தலையில் கொட்டினார்கள். துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து குளித்தார். சோறு போட்டேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கி நன்றாகச் சாப்பிட்டார். அவமானப்பட்டு வந்த ஆள் சாப்பிடுகிற சாப்பாடாக அது இல்லை. எனக்கு அப்போதே உறுத்தியது.

இரண்டு ஊரும் சேர்ந்து எடுத்த அடுத்த முடிவு எங்களை ஊர்விலக்கு வைத்தது. அந்த வீட்டுக்கு நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, நல்லது கெட்டதில் கலப்பு கிடையாது. புருஷனோடு பெண்சாதியும் சேர்த்தி. அண்ணனும் அதற்குத் தலையாட்டினார். ஆட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே. என்னைப் பார்த்து, இனி நீ வந்தால் நானும் உன்னோடு வெளியே நிற்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். பாடு முறையைக் காப்பாற்றியவள் நான். அந்தப் பாடு முறையில் பிடித்த இறாலில் ஒன்றுகூட அதற்குப் பிறகு என் சட்டியில் விழவில்லை.

கோட்டையில் வேறு கணக்கு. ஊரெல்லாம் சேர்ந்து வெறுக்கிற ஆள் நமக்குத்தான் விசுவாசமானவன் என்று துரை முடிவு கட்டினான். வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு வந்தது, பல்லக்கு வந்தது. தலைமைத் துபாஷி ஆனார். பல்லக்கு போகும்போது குப்பத்துச் சனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அண்ணன் வீட்டுக் கல்யாணங்களின் மேளச் சத்தத்தைக் காற்று கொண்டுவந்தால் கேட்பேன். காற்று எதிராக அடித்தால் அதுவும் இல்லை. அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தை என்னவென்று சொல்வது. எதிரே உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டே வெறுத்தேன்.

வருஷங்கள் போயின. அவருக்குக் கண் மங்கியது. கோட்டைக்குப் புதுத் துரை வந்தான், அவன் கூடவே சின்ன வயசுத் துபாஷியும் வந்தான். பல்லக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் பகலெல்லாம் முற்றத்தில் உட்கார்ந்து, செத்தால் தூக்குவதற்கு நாலு பேர் வேண்டுமே என்று முணுமுணுப்பார். அந்தச் சமயத்தில்தான் அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க முடியாதே என்று அழுதேன். அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கழிக் கதையை அப்போதுதான் சொன்னார்.

துரை குத்தகைக்கு நாள் குறித்துவிட்டானாம். இவரே போய் ஊரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் குப்பத்துக்காகப் பேசுகிறான் என்று தோணிரேவு நினைக்கும், பெண் எடுத்த ஊருக்காகப் பேசுகிறான் என்று குப்பம் நினைக்கும். ஒவ்வொரு ஊரும் தனியாகத் துரையிடம் ஓடும். இரண்டு ஊரும் சேர்ந்து வெறுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளாகத் தானே இருந்துவிடுவது என்று முடிவு செய்தாராம். செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க நான் இருந்தேன்.

"மொதல்ல கெணத்தாண்டதான் சாத்தி வச்சேன். நீ கண்டுக்கவே இல்ல. அப்பறம் அடுப்பாண்ட கொண்ணாந்து வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ நடிச்சிருப்பே. உனக்கு நடிக்க வராது. நீ நெசமா கொதிச்சாதான் மச்சான் நம்புவாரு."

என் அம்மா வீட்டு உறவை என்னிடம் கேட்காமலே அவர் செலவழித்திருக்கிறார். அதை விட்டுத் தள்ளுங்கள். இது உண்மைதானா? நடந்ததையெல்லாம் தானே நடத்தியதாகச் சொல்வது அவர் தொழில். குத்தகையில் மாட்டிக்கொண்டு, பிற்பாடு இப்படி ஒரு கதையைத் திரித்திருக்கலாம். ஆனால் கிணற்றடியில் அந்தக் கழிகளை நான் பார்த்திருந்தேன். பார்த்தும், வேலிக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் நம்பினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மனிதர் சொன்னதை முழுதாக நம்பினேன்.

இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவர் சொன்னார். விடிந்ததும் நான் ஏரியோரமாக நடந்தேன். கால் வலி தெரியவில்லை. அண்ணன் மட்டும் கேட்டால் போதும், ஊர் கேட்ட மாதிரி. விலக்கு போகும், அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊற்றலாம் என்று அந்த ஒரு நினைப்புத்தான்.

அண்ணன் பிள்ளைகள் என்னை வாசலில் பார்த்துத் திகைத்து வழிவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் வா என்றும் சொல்லவில்லை. அண்ணன் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். கிணற்றடியைச் சொன்னேன், அடுப்படியைச் சொன்னேன், தூக்க ஆள் இல்லை என்று அவர் முணுமுணுப்பதையும் சேர்த்துச் சொன்னேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"இதச் சொல்லச் சொல்லி அவருதான் உன்ன அனுப்புனாரா?"

"இல்லண்ணா. யாருகிட்டயும் சொல்லாதேன்னுதான் சொன்னாரு. நானாத்தான் வந்தேன்."

அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, பாவம் பார்க்கிற பார்வைதான் இருந்தது.

"அன்னிக்கும் நீயாத்தானம்மா வந்தே."