பானட்டில் காய்ந்த கை

மலைமேல் இருக்கும் தாண்டிக்குடியில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு ஜீப் டிரைவர் குடியிருந்தார். காதுவரை இழுத்த மங்கி குல்லா, அடர்ந்த மீசை, அதட்டலான குரல். பகலில் அவரிடம் பேச்சுக் கொடுக்கவே எனக்குத் தயக்கம்.

அவருடைய குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வயிற்றில் காற்றுச் சேர்ந்து, ராத்திரியில் கால்களை மடக்கி மடக்கி அழும். மனைவி தூங்கட்டும் என்று அவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். கடைசி சவாரி முடித்து நிறுத்திய ஜீப்பின் பானட்டில் சூடு மிச்சமிருக்கும். அதில் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்து, ஜெர்கினுக்குள் இருக்கும் குழந்தையின் வயிற்றில் மெல்லத் தேய்ப்பார்.

ஒருநாள் அழுகை நிற்கவே இல்லை. எரிச்சலோடு ஜன்னலைச் சாத்த எழுந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கிட்டே வந்தார்.

"சார், நீங்க மூணு பிள்ளைகள வளத்தவுக. ஏப்பம் வர தோள்ல போட்டுத் தட்டணுமா, மடியில குப்புறப் போட்டுத் தட்டணுமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"தோள்லதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.

படுக்கையில் மனைவி விழித்துக் கிடந்தாள்.

"சரியாத்தான சொன்னேன்?" என்று கேட்டேன்.

"நம்ம பிள்ளைக அழுதப்பவும் நீங்க கதவத்தான சாத்துனீங்க" என்றாள்.

கண்ணாடி வழியே பார்த்தேன். என் பேச்சை நம்பி, அவர் குழந்தையைப் பதமாகத் தோளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.