தலை உயரத்துச் சுவிட்சு

சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்க்கிறார் சலேஹா. பிறகு விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்கிறார். வங்கிக்காக வீடுகளுக்கு விலை மதிப்பிடுவது அவர் தொழில்; அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிப்பது என் தொழில். எங்கள் ஊர் கோலக்கிராயின் ஆற்றங்கரையில் அவர் மிதிக்காத வாசல் குறைவு.

மதிப்பிட வந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். தோள்பையில் சொந்தப் பாட்டில் இருக்கும். "தேத்தண்ணி வயித்துக்குள்ள போனா வெல தானா ஏறிடும்டா" என்பார். கல்யாண வீடுகளில் அதற்கெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவார்.

அன்று போனது, தெருவே அத்தை என்ற பொருளில் மக்சிக் என்று கூப்பிடும் கெல்சோம் அம்மாளின் வீடு. வாங்க வந்த ஆசிரியத் தம்பதிக்கு வங்கி கடன் கொடுத்தால்தான் அவர் மேட்டுப் பக்கம் வேறு வீடு பார்க்க முடியும். புதுப் பெயின்ட் நெடி கண்ணைக் கரித்தது.

"சுவிட்செல்லாம் ஏன் மக்சிக் தலை உயரத்துல இருக்கு?" என்று கேட்டார் சலேஹா.

"பேரப்புள்ளைங்க வாலில்லாக் கொரங்குங்க. அதான்."

"வெள்ளம் ஏறுமா?"

"இந்த வீட்டுக்கா? வாசப்படியில சலாம் சொல்லிட்டுத் திரும்பிடும்."

தேநீரும் பொரித்த வாழைப்பழமும் வைத்துவிட்டு நிமிர்ந்தவர், சலேஹாவை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஏய், நீ சாலே மகதானே! வெள்ளத்தன்னிக்கு எங்க கூரையில உக்காந்து என் கையால பிஸ்கட் தின்னியேடி!"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சலேஹா கூரையை நிமிர்ந்து பார்த்தார். இருட்டில் படகிலிருந்து ஏறிய கூரை அது. அதன் கீழே இருந்த வீட்டை அவர் பார்த்ததே இல்லை.

"வெள்ளம்ங்கிற அந்த ஒரு வார்த்தைய எழுதாம விட்டுடேன்." கெல்சோமின் குரல் இறங்கிவிட்டது. "அடுத்த மழைக்கும் நான் கூரையிலயே உக்காரணுமா?"

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே பாவமாக இருந்தது. சலேஹா அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"இந்த வீட்டுல நான் சாப்பிட்டிருக்கேன். மதிப்பு நான் போடக் கூடாது, வேற ஆள அனுப்புங்க. இன்னொன்னு, இது கூரை வரைக்கும் தண்ணி ஏறின வீடு. நானே சாட்சி."

கெல்சோம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நாடாவைச் சுருட்டினேன். கிளம்புவார் என்று பார்த்தால், சலேஹா காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார். ஆறிப்போயிருந்த தேநீரை எடுத்து அடிவரை குடித்துவிட்டு, காலிக் கோப்பையைக் கெல்சோமிடம் நீட்டினார்.