சோற்றுக் கையில் ஈயம்

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த நான், தொண்ணூறுகளின் நடுவில் கனடாவின் ஸ்காபரோவில் துவக்குக் குண்டுகளுக்குத் தரம் பார்த்துச் சம்பளம் வாங்கினேன். இந்த முரணை வைத்து ஒரு நாவல் எழுதலாமென்றிருந்தேன், அலுப்பு விடவில்லை.

தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக் குறிபார்த்துச் சுடும் பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஈயக் குண்டு வார்த்து விற்கும் சிறு பட்டறை அது. விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கவேண்டும். அடிவிளிம்பு மழுங்கியிருந்தாலோ உடம்பில் சுருக்கம் விழுந்திருந்தாலோ கழிவு. பார்வைக்குத் தப்பியதைத் தராசில் வைப்போம். எடை குறைந்தால் உள்ளே பொள்ளல். கழித்தவை திரும்ப உருக்குச் சட்டிக்குப் போகும். அகதி வழக்கில் கழிக்கப்பட்டவர்களுக்கு அந்த வசதி இல்லை.

எனக்கு எதிரே இருந்து பொறுக்கியவர் என்னிலும் மூத்த ஓர் அண்ணை. மனைவியையும் மகளையும் ஸ்பொன்சர் செய்திருந்தார். அவர்கள் வந்திறங்கும்போது தனக்கு இந்த வேலை இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு யோசனை கிடையாது.

கையுறை போட்டால் விரலுக்குச் சுருக்கம் தெரியாதென்று வெறுங்கையால்தான் பொறுக்குவார். மத்தியானம் குழாயில் கையை ஒருதரம் நனைத்துவிட்டுச் சோற்றைக் குழைப்பார். சாப்பிட்டு முடிந்ததும் கறி மணம் போக முழங்கைவரை சவுக்காரம் போடுவார். சாப்பாட்டுக்கு முன் தண்ணீர், பின் சவுக்காரம். எங்கள் ஊர் ஒழுங்கு அது. சமைக்கச் சோம்பல்பட்ட நான் கடைச் சாண்ட்விச்சைக் கடதாசியோடு பிடித்துத் தின்பேன்.

"உதையும் சாப்பாடெண்டு தின்னுறீர். உம்மட பிள்ளையள் பாவம்."

"எனக்குப் பிள்ளையள் இல்லை அண்ணை."

"அப்ப அதுகள் தப்பிச்சுதுகள்."

அந்த மாசியில் அவருக்கு ஓயாத வயிற்றுவலி. சுருங்கிய குண்டுகள் நல்லதோடு கலந்து போகத் தொடங்கின. முதலாளி இருவரையும் இரத்தம் சோதிக்க அனுப்பினார். அண்ணையின் இரத்தத்தில் ஈயம் மிஞ்சிக் கிடந்தது. என்னை என் சோம்பல் காப்பாற்றியிருந்தது.

ஈயம் இறங்கும்வரை வேலைக்கு வரக்கூடாது என்றார் முதலாளி. ஆங்கிலம் ஓடாத அண்ணைக்கு நான்தான் மொழிபெயர்த்தேன்.

"இனிக் கரண்டியால சாப்பிடுறன் எண்டு சொல்லும். சவுக்காரத்தையும் முதலே போடுறன் எண்டு சொல்லும்."

சொன்னேன். முதலாளி தலையாட்டி மறுத்தார்.

"என்னவாம்?"

"குறைஞ்சாப் பிறகு வரட்டாம். மாசக்கணக்கில செல்லுமாம்."

"அவையள் சித்திரையில வந்திறங்குகினம், ஐசே."

அதையும் மொழிபெயர்த்தேன். முதலாளி மலர்ந்து, அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்.